கோட்டை வட்டார உறுப்பினரின் அறிக்கை (சற்றே தாமதமாக)



வாக்குக் கேட்க மட்டும்தான் உறுப்பினர் படலையைத் திறப்பார், பிறகு ஒரு தகவலும் சொல்லமாட்டார் என்று சந்தையில் மீன் வெட்டுகிற இடத்தில் நின்று வட்டார மக்களான நீங்கள் பேசிக்கொள்வது என் காதுக்கும் எட்டியது. குறை நியாயமானதுதான். கடைசி அறிக்கையைக் குளக்கோட்டன் காலத்தில் கொடுத்தேன். அடுத்ததை எழுத உட்காரும்போதெல்லாம் ஆட்சி மாறிவிட்டது. எவருடைய கடிதத் தலைப்பில் எழுதுவது என்ற குழப்பத்திலேயே சில நூற்றாண்டுகள் போய்விட்டன.

என்னைத் தெரியாதவர்களுக்கு: திருகோணமலைக் கோட்டை வட்டாரத்தின் நிரந்தர உறுப்பினர் நான். எந்தக் கட்சிப் பட்டியலிலும் என் பெயர் இல்லை, எந்த ராசாவின் ஏட்டிலும் இல்லை. அதனால்தான் பதவி இன்னும் பறிபோகவில்லை. சட்டம், வரி, வீதி, வடிகான், விருந்தாளிகள் எல்லாம் இந்த அறிக்கையில் வரும். விருந்தாளிகள் பகுதிதான் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் சட்டம். எங்களிடம் உள்ள மிகப் பழைய துணைவிதிப் புத்தகம் கோணேசர் கல்வெட்டு. கவிராசவரோதயர் இயற்றியது. பெயர் கல்வெட்டு, இருந்தது ஓலையில். நிர்வாகக் குளறுபடி அன்றே தொடங்கிவிட்டது. குளக்கோட்டன் கோயில் திருப்பணி செய்தான், கந்தளாய்க் குளம் கட்டினான், வயல் விட்டான், அக்கரையிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்து குடியேற்றினான் என்று அது சொல்கிறது. அவன் எந்த நூற்றாண்டுக்காரன் என்று பேராசிரியர்கள் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். எனக்குத் தெரியும். ஒருவரும் கேட்பதில்லை.

அதில் எனக்குப் பிடித்தது வேலைப் பங்கீடு. கோயில் ஊழியரில் தானத்தார் பாடு இது, வரிப்பத்தார் பாடு அது, பூப் பறிப்பது யார், நெல் குற்றுவது யார், விளக்கேற்றுவது யார் என்று ஒன்று விடாமல் எழுதியாயிற்று. வழக்குத் தீர்க்க மதுரையிலிருந்து தனியுண்ணாப் பூபாலன் என்பவரை வரவழைத்து வன்னிமைத் தலைவர் ஆக்கியாயிற்று. (உள்ளூர்த் தகராறை வெளியூரார் வந்தால்தான் தீர்க்கலாம் என்ற நம்பிக்கை எங்களுக்கு அன்றிலிருந்தே உண்டு. அதன் பலனைப் பிறகு பார்ப்போம்.) கடமை தவறினால் தெய்வக் குற்றம், சாபம். இன்று வீதியில் குப்பை கொட்டினால் தண்டப்பணம், அதுவும் பிடிபட்டால். சாபத்துக்குப் பற்றுச்சீட்டு வேண்டாம், அலுவலர் வேண்டாம், பெரிய இடத்திலிருந்து தொலைபேசி வந்து அதை இரத்துச் செய்யவும் முடியாது. சபை இந்த முறையை மறுபடி பரிசீலிக்கலாம்.

ஓலையை நம்பாதவர்கள் நிலாவெளிக் கல்வெட்டைப் பார்க்கலாம். கோணேசர் கோயிலுக்கு 250 வேலி நிலம் விட்ட செய்தி சோழர் காலத்துத் தமிழில் கல்லிலேயே இருக்கிறது. காணி உறுதியைக் கல்லில் வெட்டி வைத்த காலம் அது. இப்போது உறுதியின் பிரதி எடுக்கப் போனாலே புத்தகத்தைக் கறையான் அரித்துவிட்டது என்கிறார்கள்.

இந்த ஒழுங்கெல்லாம் விருந்தாளிகள் வரும்வரைக்கும்தான்.

1620இல் டென்மார்க்காரர் வந்தார்கள். இந்தக் கதையை யாரும் சொல்வதில்லை, எனக்கோ இதில்தான் அலாதிப் பிரியம். பொஷோவர் என்று ஒரு ஒல்லாந்தர். கண்டி ராசாவிடம் நல்ல பெயர் எடுத்து, பட்டமும் வாங்கிக்கொண்டு ஐரோப்பாவுக்குப் போனார். சொந்த நாட்டுக் கம்பனியோடு முறுகிக்கொண்டு, டென்மார்க் ராசா நான்காம் கிறிஸ்தியானிடம் போய், கண்டிக்கு ஒரு படை அனுப்புங்கள், கேட்டதெல்லாம் கிடைக்கும் என்று ஒப்பந்தம் போட்டுக் கொடுத்தார். கப்பல்கள் புறப்பட்டன. தரகர் நடுவழியில் செத்துப்போனார். தலைமை தாங்கி வந்த ஓவெ ஜெட்டெ 25 வயதுப் பொடியன். அவன் ஒப்பந்தத்தை நீட்டியபோது, அந்த ஆள் சொன்னதற்கு நான் பொறுப்பில்லை என்று கையை விரித்துவிட்டார் கண்டி ராசா செனரத். காணித் தரகரை நம்பி முற்பணம் கொடுத்த அனுபவம் இருப்பவர்களுக்கு அந்தப் பொடியனின் முகம் கண்ணில் தெரியும்.

பிறகு ஒருவாறு பேசித் தீர்த்து, சரி, திருகோணமலையை எடுத்துக்கொள் என்றார் ராசா. ஊரில் இருந்த எங்களை ஒரு சொல் கேட்கவில்லை. டென்மார்க்காரர் கோட்டை கட்டத் தொடங்கினார்கள், காசும் ஆட்களும் போதாமல் அரைகுறையில் விட்டுப் போனார்கள். அதே 1620இல் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கர் அவர்களுக்குத் தரங்கம்பாடியைக் கொடுத்துவிட்டதால் அவர்களுக்கு நட்டமில்லை. அங்கே 1845 வரை இருந்தார்கள். எங்கள் ஊரில் அரைகுறையாக நின்ற முதல் கட்டுமானத் திட்டம் அதுதான். அதற்குப் பிறகு அது ஒரு மரபாகிவிட்டது.

டென்மார்க்காரர் வந்துபோன செய்தியில் போர்த்துக்கேயருக்கு வயிறு கலங்கியது. அவர்களுடைய தளபதி கொன்ஸ்தந்தீனு த சா, சுவாமி மலை உச்சியில் நின்ற கோணேசர் கோயிலை 1622இல் இடித்தார். சித்திரைப் புத்தாண்டு நாளில் சாமி ஊர்வலம் போயிருந்த நேரம், போர்த்துக்கேயச் சிப்பாய்கள் பிராமணர் வேடம் போட்டு உள்ளே நுழைந்தார்கள் என்பது வழிவழியாக ஊரில் சொல்லும் செய்தி. கோயில் கல்லைக் கொண்டு முக்கோணமாக ஒரு கோட்டை கட்டினார்கள். கட்டடம் இடிக்க அனுமதி கோரி விண்ணப்பம் வந்ததா என்று என் கோப்புகளைத் தேடிப் பார்த்தேன். வரவில்லை. ஆட்சேபனைக்குக் காலக்கெடுவும் தரவில்லை. ஆட்சேபிக்க முயன்றவர்களுக்கு நேர்ந்ததைக் கூட்டக் குறிப்பில் எழுத முடியாது.

கோட்டை வாசலில் நுழையும்போது கதவு நிலைக் கல்லைக் கொஞ்சம் நின்று பாருங்கள். இரட்டைக் கயல் இருக்கும், தேய்ந்த தமிழ் எழுத்தும் இருக்கும். குளக்கோட்டன் கட்டியதைப் பறங்கி பிரிப்பான், அதன்பின் பூனைக் கண்ணும் சிவந்த கண்ணும் புகைபோன்ற கண்ணும் உள்ளவர்கள் வரிசையாக ஆள்வார்கள் என்கிற கருத்தில் ஒரு தீர்க்கதரிசனம் அது என்று படித்தவர்கள் சொல்கிறார்கள். இடிப்பதற்கு முன்னே எழுதியதா, இடித்தபிறகு எழுதி முன்தேதி போட்டதா என்று எனக்குள் ஒரு சந்தேகம் உண்டு. அலுவலகத்தில் இருந்தவனுக்கு அந்தச் சந்தேகம் வராமல் இராது. எப்படியானாலும், யார் வரப்போகிறார் என்று ஊருக்கு முறையாக அறிவித்த ஒரே அறிவித்தல் அந்தக் கல்தான்.

அந்த ஆண்டுகளில்தான் வில்லூன்றி ஆச்சி முதன்முறை என்னைக் கூப்பிட்டு, "தம்பி, உந்தக் கான் எப்ப வெட்டப் போறியள்? மாரி வந்தால் வீட்டுக்குள்ள தண்ணி" என்று கேட்டது. புதிய நிர்வாகத்தின் கவனத்துக்குக் கொண்டுபோகிறேன் ஆச்சி என்றேன்.

1639இல் ஒல்லாந்தர், கண்டி ராசாவின் கூட்டாளிகளாக வந்து கோட்டையைப் பிடித்தார்கள், அடுத்த ஆண்டே அதை ராசாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிடித்ததைத் திருப்பிக் கொடுத்த விருந்தாளி என்று ஊரே அதிசயித்தது. அதிசயம் நீடிக்கவில்லை, சில காலம் கழித்துத் திரும்பி வந்து குந்திக்கொண்டார்கள்.

நடுவில் ஒரு சுற்றுலாத் தகவல். 1659இல் 'ஆன்' என்ற ஆங்கிலக் கப்பல், புயலில் பாய்மரத்தை இழந்து, திருத்துவதற்காகக் கொட்டியாரக் குடாவுக்குள் வந்தது. கப்பல் தலைவர் நொக்ஸ், அவர் மகன் றொபேட் நொக்ஸ், மாலுமிகள். கண்டி ராசாவின் ஆட்கள் அடுத்த ஆண்டு அவர்களைப் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். தகப்பன் அங்கேயே இறந்தார். மகன் தப்பி ஓடியது 1679இல். மரம் மாற்ற வந்தவன் 19 ஆண்டுகளுக்கு மேல் தங்கிவிட்டான். மூதூரில் அவர்கள் பிடிபட்டதாகச் சொல்லும் வெள்ளைக்காரன் மரத்தடியில் நினைவுக் கல் இருக்கிறது. 1681இல் அவன் எழுதிய புத்தகத்தை இங்கிலாந்து விழுந்து விழுந்து படித்தது. எங்கள் குடாவுக்கு அதைவிடப் பெரிய விளம்பரம் ஒரு சுற்றுலாச் சபையும் தந்ததில்லை.

1672இல் பிரெஞ்சுக்காரர் வந்தார்கள். டி லா ஹே என்ற கடற்படைத் தலைவர். ஒல்லாந்தர் துரத்தவே, போய் மயிலாப்பூர்ப் பக்கம் சாந்தோமைப் பிடித்துக்கொண்டார். எங்கள் ஊரில் காலூன்ற முடியாதவர்கள் அக்கரையில் ஏதாவது ஓர் ஊரைப் பிடிப்பது வழக்கமாகிவிட்டதற்கு அக்கரை மக்களிடம் இந்தச் சபை மன்னிப்புக் கோருகிறது.

சுவாமி மலையில் 1687ஆம் ஆண்டைச் சொல்லும் ஒரு கல்தூண் நிற்கிறது. பிரான்சினா என்ற ஒல்லாந்துப் பெண், காதலன் கப்பலேறிப் போவதைப் பார்த்துக் கடலில் குதித்தாள் என்று வழிகாட்டிகள் கண்கலங்கச் சொல்வார்கள். அதே பெண்ணுக்குப் பிறகு வேறொருவரோடு கல்யாணம் நடந்ததாக ஒல்லாந்தர் பதிவேடு சொல்கிறதாம். மரணச் சான்றிதழ் கேட்டு யாரும் என்னிடம் வரவேண்டாம்.

இப்போது ஒரு கேள்வி. ஊரிலே தண்ணீருக்குப் பஞ்சம், மலை, காடு. பிறகு ஏன் இத்தனை பேருக்கு இந்த இடத்தில் கண்? காரணம் காற்று. ஐப்பசி பிறந்து வாடை அடிக்கத் தொடங்கினால் சோழமண்டலக் கரை நெடுகப் பெரிய பாய்க்கப்பலுக்கு ஒதுங்க இடமில்லை. சென்னைப் பட்டணத்தில் அன்று துறைமுகமே கிடையாது, திறந்த கடலில் நங்கூரம் போட்டு நின்றார்கள். புயல் வந்தால் பம்பாய்வரை சுற்றிப் போகவேண்டும். இந்தப் பக்கம் எந்தக் காற்றுக்கும் அசையாத ஆழக்கடல் திருகோணமலை உள்துறைமுகத்தில்தான் இருந்தது. வங்காள விரிகுடாவில் சண்டை போட நினைத்த எவனுக்கும் இது தேவைப்பட்டது. ஊர்ச்சனம் தேவைப்படவில்லை. இந்த அறிக்கையில் ஒரு வரியை மட்டும் அடிக்கோடு போட அனுமதித்தால் இதற்குத்தான் போடுவேன்.

1782ஐ எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்டு ஒல்லாந்தர் கொடியோடு விடிந்தது. ஜனவரி 11 ஆகும்போது ஆங்கிலேயக் கடற்படைத் தலைவர் எட்வர்ட் ஹியூஸ் பிடித்துவிட்டார். ஆகஸ்ட் கடைசியில் பிரெஞ்சுக்காரர் சுஃப்ரென் வந்து அதைப் பறித்தார். உதவிப் படையோடு ஹியூஸ் ஓடோடி வந்து செப்டெம்பர் 3ஆம் திகதி காலையில் பார்க்கிறார், கோட்டையில் பிரெஞ்சுக் கொடி. சில நாள் பிந்திவிட்டது. அன்று பின்னேரம் கடலில் வெடித்தார்கள். இருதரப்பிலும் ஒரு கப்பல்கூடச் சண்டையில் தாழவில்லை. சண்டை முடிந்து துறைமுகத்துக்குள் நுழையும்போதுதான் பிரெஞ்சுக்காரரின் 'ஓரியான்' தரைதட்டி உடைந்தது. ஐரோப்பாவில் உட்கார்ந்து சமாதானம் எழுதி முடித்தபோது, சுற்றிச் சுழன்று மறுபடி ஒல்லாந்தர் கைக்கே வந்து சேர்ந்தது. ஓராண்டில் மூன்று கொடி. சோலை வரியை யாரிடம் கட்டுவது என்று கேட்டு வந்தவர்களுக்கு, கையில் வைத்திருங்கள், பின்னேரம் பார்த்துச் சொல்கிறேன் என்றுதான் சொல்ல முடிந்தது.

ஆச்சி மறுபடி கூப்பிட்டது. கானைப் பற்றித்தான். பிரெஞ்சு மொழியில் கானுக்கு என்ன சொல்வார்கள் என்று விசாரித்து முடிப்பதற்குள் அவர்கள் போய்விட்டார்கள் ஆச்சி என்றேன்.

1795 ஆகஸ்டில் ஆங்கிலேயர் வந்தார்கள், இந்த முறை நங்கூரம் ஆழப் போட்டார்கள். 1803இல் கோட்டைக்குப் பிரெட்ரிக் கோட்டை என்று பெயர் வைத்தார்கள், ராசாவின் மகன் யோர்க் கோமகன் பெயரில். கோமகன் ஒருநாளும் இந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. பம்பாயில் 1817இல் தேக்கு மரத்தில் கட்டிய ஒரு போர்க்கப்பலுக்கு எங்கள் ஊர்ப் பெயரை வைத்தார்கள். அது இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் என்ற ஊரில் பத்திரமாக மிதக்கிறது, சீட்டு வாங்கிப் பார்க்கலாம். எங்கள் பெயருக்குக் கிடைத்த பராமரிப்பு எங்கள் வீதிக்குக் கிடைக்கவில்லை. ஜேன் ஒஸ்டினின் தம்பி சார்ள்ஸ் ஒஸ்டின், கடற்படைத் தளபதியாக இருந்து 1852இல் பர்மாவில் காய்ச்சலோ வாந்திபேதியோ கண்டு இறந்து, இங்கேதான் அடக்கமாகியிருக்கிறார். கல்யாணத்தில் முடியும் கதைகளை அக்கா எழுத, தம்பி எங்கள் மண்ணில் வந்து முடிந்தார்.

ஆங்கிலேயர் எங்களுக்குத் தந்த முக்கியமான சட்டம், 1939ஆம் ஆண்டின் 61ஆம் இலக்க நகர சபைகள் கட்டளைச் சட்டம். ஊரார் தாமே ஆளலாம். எதை? வீதி, விளக்கு, சந்தை, சுகாதாரம், குப்பை, கான். துறைமுகம்? அது அட்மிரால்டியின் பாடு. கோட்டை? படையின் பாடு. நாற்புறமும் கடல் தெரியும் ஊரில் கடலைத் தவிர மிச்சமெல்லாம் எங்கள் அதிகாரத்துக்குள். அன்று கானை வெட்டும் அதிகாரம் கைக்கு வந்ததும் ஆச்சி வீட்டுக்கு ஓடினேன். "ஏன் தம்பி, காசு?" என்றது. அதை யாரும் தரவில்லை.

1942 ஏப்ரல் 9 காலை ஜப்பான் விமானங்கள் வந்தன. சனம் கையில் அகப்பட்டதோடு ஊரைவிட்டு ஓடியது. சீனன்குடாவில் ஆங்கிலேயர் கட்டியிருந்த 101 எண்ணெய்த் தொட்டிகளில் 91ஆம் இலக்கத் தொட்டி மீது ஒரு விமானம் வந்து விழுந்தது. தொட்டி ஒரு கிழமை எரிந்தது. அன்றைக்கே மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பலைத் தாழ்த்திவிட்டு ஜப்பான்காரர் திரும்பினார்கள். இந்த விருந்தாளி மட்டும்தான் இறங்கித் தங்காமல் போனார்.

1948இல் சுதந்திரம் வந்தது, துறைமுகத்துக்கு வரவில்லை. பாதுகாப்பு ஒப்பந்தத்தில் அது ஆங்கிலேயரிடமே இருந்தது. 1957 ஒக்டோபர் 15இல்தான் கடற்படைத் தளத்தை ஒப்படைத்தார்கள். கொழும்பில் கொண்டாடினார்கள். நாங்களும் கொண்டாடினோம். பிறகு பார்த்தால், முதலாளியின் விலாசம்தான் மாறியிருந்தது.

அதற்கடுத்த சில பத்தாண்டுகளைப் பற்றி இந்த அறிக்கையில் எழுதவில்லை. அந்தப் பக்கங்களில் பகிடி விட எனக்கு மனம் வரவில்லை. ஊருக்கு அது தெரியும், நான் நினைவூட்டத் தேவையில்லை.

அண்மைக்கால விடயங்களுக்கு வருகிறேன். எண்ணெய்த் தொட்டிகள் இப்போது 99. 2022 ஜனவரி 6இல் ஒப்பந்தம் எழுதினார்கள். 14 இந்தியன் ஒயில் கம்பனிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு, 50 ஆண்டுக் குத்தகை. கணக்குச் சரிவருகிறது, கூட்டிப் பார்த்தேன். கீழே 'பிரதி' என்ற இடத்தில் கோட்டை வட்டார உறுப்பினர் என்று இருக்கிறதா எனத் தேடினேன். கோவா, பத்தாவியா, பாரிஸ், இலண்டன் காலத்திலிருந்து அந்த வரியைத் தேடுவது எனக்குப் பழக்கம்.

2023 மார்ச்சில் நடக்கவேண்டிய உள்ளூராட்சித் தேர்தல், திறைசேரியில் காசில்லை என்று நின்றுபோனது. சபைகளின் காலமும் அதே மாதத்தோடு முடிந்தது. பிறகு இரண்டு ஆண்டுக்கு மேல் நீங்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினரே இல்லை. வித்தியாசம் தெரிந்ததா என்று நான் கேட்கப்போவதில்லை, நீங்கள் உண்மையைச் சொல்லிவிடுவீர்கள். 2025 ஏப்ரல் 5ஆம் திகதி, இந்தியப் பிரதமர் வந்திருந்தபோது, திருகோணமலையை எரிசக்தி மையம் ஆக்குவதற்கு இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் கொழும்பில் கைச்சாத்திட்டன. மே 6ஆம் திகதி நீங்கள் மை பூசிய விரலோடு வந்து சபைக்கு ஆட்களைத் தெரிவு செய்தீர்கள். நகர சபை இப்போது மாநகர சபை. பெயர்ப்பலகை பெரிதாகிவிட்டது. எண்ணெய் மூன்று அரசாங்கங்களிடம், கான் உங்களிடம்.

மான்கள் பற்றி முறைப்பாடு நிறைய. கோட்டைக்குள் நிற்கும் புள்ளிமான்கள் இருட்டியதும் கடைத்தெருவுக்கு இறங்கிக் குப்பைப் பையைக் கிழிப்பது உண்மை. சோற்றுப் பொதி சுற்றிய லஞ்ச் சீற்றை ஒரு கொம்பன் நின்று நிதானமாக மென்று விழுங்குவதைப் பார்த்தேன். குற்றம் மானுடையதல்ல. எச்சில் பொதியைப் பொலித்தீனோடு வீசாமல், உக்குவதை வேறாகவும் உக்காததை வேறாகவும் கட்டி, வண்டி வரும் நாளில் மட்டும் வெளியே வையுங்கள். கோணேஸ்வரத்துக்கு வரும் வெளியூர் அடியார்களுக்கும் இதைச் சொல்லுங்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று கைமாறிக்கொண்டே வந்த கோட்டையில், யாரையும் விரட்டாமல் குடியிருக்கும் ஒரே கூட்டம் அவைதான்.

கடைசியாக ஒன்று. சபைக் கூட்டம் மாதம் ஒருமுறை நடக்கிறது. பொதுமக்கள் வந்து உட்கார்ந்து கேட்கலாம், சட்டத்தில் அதற்கு இடமிருக்கிறது. கதிரைகள் எப்போதும் காலி. வில்லூன்றி ஆச்சியின் கான் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இருக்கிறது. நீங்கள் நாலு பேர் வந்து பின்னால் இருந்தால் அதைப் பிற்போட அவர்களுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருக்கும். வாருங்கள். தேத்தண்ணி நிச்சயம் உண்டு, மாலுபாணுக்கு நான் பொறுப்பில்லை.